காரப்பொடிக்கு வந்த விலை

1

கிரீன் கார்டு படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பதினாறு வயது தொடங்கி இன்றுவரை நீங்கள் உறுப்பினராக இருந்த சங்கம், மன்றம், கட்சி, குழு எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறது. பெயர், ஊர், எப்போதிலிருந்து எப்போதுவரை என்ற விவரத்தோடு. எதிலும் இல்லாதவர்கள் "எதுவுமில்லை" என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டுவிட்டால் படிவம் திரும்பி வந்துவிடும்.

போன செப்டம்பரில் வக்கீல் அலுவலகம் அனுப்பிய காகிதக் கட்டைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நிரப்பினேன். இருந்த வீடுகளின் விலாசம், பார்த்த வேலைகள், அப்பாவுக்கே சரியாகத் தெரியாத அவருடைய பிறந்த தேதி என்று ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பிடித்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் நொடியில் பதில் எழுதினேன். எதுவுமில்லை. எதிரே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒண்ணுல கூடவா இல்ல?"

"எதுல இருந்தேன், நீயே சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கத்தரிக்காய்க்குப் போய்விட்டாள். சாந்தி வண்ணாரப்பேட்டைக்காரி. பதில் கையில் இருந்தால் சொல்லாமல் விடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால் நானும் நான் எழுதியதை உண்மை என்றே நம்பினேன்.

இந்த ஜனவரியில் அந்தப் படிவம் திரும்பி வந்தது. தப்பு ஒன்றும் இல்லையாம், படிவத்தின் பதிப்புதான் மாறிவிட்டதாம். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தேதி புதியதாக இருக்க வேண்டும் என்று வக்கீல் அலுவலகப் பெண் தொலைபேசியில் சொன்னாள். கேள்விகளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மறுபடி முதலிலிருந்து நிரப்பினேன். ஆனால் இந்த முறை அந்தக் கேள்விக்கு என் பதில் வேறாக இருந்தது. நடுவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம் ஆகிறது, அதுவும் ஒரு காரணம்.

2

நாங்கள் இருப்பது ஓஹையோ மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர். தமிழ்க் குடும்பங்கள் நான்கு. அதில் இரண்டு ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒரு பெரிய சரக்குக் கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிர்காலத்தில் காலையில் கார் கண்ணாடியில் உறைந்திருப்பதைச் சுரண்டிவிட்டுக் கிளம்புவேன். மதியம் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன்.

அலுவலகத்தில் எல்லாரும் நல்லவர்கள். திங்கட்கிழமை வந்தால் "சனி ஞாயிறு எப்படிப் போனது?" என்று கேட்பார்கள். அதற்குப் பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை நாற்காலியை இழுத்துப் போட்டு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்களும் நின்று கேட்டார்கள்.

என் பெயர் ஏழுமலை. இங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால் அப்பாவின் பெயரை அதில் போட்டேன். அன்றிலிருந்து வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை முனுசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னமும் மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகே எழுந்திருக்கிறேன். திருவொற்றியூரில் அந்தப் பெயருக்கு எழுந்துபோக வேறு ஒருவர் இருந்தார்.

ஊரில் எங்கள் வீடு திருவொற்றியூர் விம்கோ நகரில். பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு ஃபாக்டரியின் இரும்பு கேட். அதற்கு முன்னால் லாரி திரும்புவதற்காக விட்டிருந்த இடம்தான் எங்கள் மைதானம். மாலையில் கடல் காற்று எழும்பினால் பந்து தானாக ஆஃப் சைடுக்கு இழுக்கும். அதைத் தெரிந்து வைத்திருந்ததால் வெளித்தெரு அணிகளை அங்கே சுலபமாகத் தோற்கடித்தோம். எங்கள் அணிக்குப் பெயரும் இரும்பு கேட் லெவன்தான். கேப்டன் டில்லி. நான் விக்கெட் கீப்பர்.

டில்லி மீன்பிடிக் குடும்பம். அவன் அப்பாவுக்கு ஃபைபர் படகு, எங்கள் பேச்சில் போட்டு, ஒன்று இருந்தது. டில்லி கடலுக்குப் போகாமல் காசிமேட்டுத் துறைமுகத்தில் போட்டு எஞ்சின் மெக்கானிக் ஆனான். எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கு அவன், அவனுக்கு நான்.

3

பேஸ்பால் என் வாழ்க்கைக்குள் வந்தது என் மகன் தினேஷால். ஐந்து வயதில் இங்கே வந்தவன். பத்து வயதில், 2003-இல், பள்ளிப் பையன்களோடு சேர்ந்து அந்த ஆட்டத்தின்மேல் பைத்தியமாக இருந்தான். ஒரு இணையதளத்தைக் காட்டி, "அப்பா, இதில் நாம் ஒரு டீம் வைக்கலாம், பெரியவர்கள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்" என்றான். போட்டேன்.

ஆட்டம் இதுதான். இந்த நாட்டில் நூறு வருடமாக பேஸ்பால் ஆடியவர்கள் அத்தனை பேரும் தளத்தின் பட்டியலில் இருப்பார்கள். செத்துப்போனவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. நம் கையில் எட்டுக் கோடி டாலர் கற்பனைப் பணம். அதற்குள் இருபத்தைந்து பேரை வாங்கி அணி சேர்க்க வேண்டும். ஒரு லீக்கில் பன்னிரண்டு அணிகள். ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை கணினியே ஆட்டங்களை ஆடி, மறுநாள் காலையில் ஸ்கோரைப் போடும். ஆடுகிறவனுக்கு அடிபடும், களைப்பு வரும், எல்லாமே கணினியின் கணக்கு. நாம் செய்யக்கூடியது ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வரிசை மாற்றுவதும் மட்டும்தான்.

முதல் மூன்று மாதம் தினேஷும் நானும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து பார்த்தோம். அதைவிட நல்ல காலைகள் எனக்கு இந்த நாட்டில் வாய்க்கவில்லை. ஜூலையில் அவனுக்கு நிஜமான அணியில் இடம் கிடைத்தது, நிஜமான நண்பர்கள் கிடைத்தார்கள். அதற்குப் பிறகு நாற்காலி முழுதும் எனக்குத்தான்.

விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் விட்டால் அவன் ஒருநாள் திரும்பி வந்து "நம்ம டீம் எங்கே?" என்று கேட்பானோ என்று பயந்தேன். அவன் கேட்கவில்லை. நான்தான் ஒருநாள் டில்லிக்கு மெயில் போட்டேன், உன் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறதா என்று.

4

எங்கள் நேரம் சனிக்கிழமை. எனக்குக் காலை எட்டரை, அவனுக்குச் சாயங்காலம். எஞ்சின் வேலை முடித்து, கை கழுவியும் போகாத கிரீஸோடு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்காருவான். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பான். அதைத் தமிழாகவே இங்கே தருகிறேன்.

"மாமு, இது கில்லியும் இல்ல கிரிக்கெட்டும் இல்ல. இதுல யாரு பெரிய ஆளு?"

நான் புள்ளிவிவரங்களை அனுப்பினேன். அவன் ஒன்றையும் படிக்கவில்லை. வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று சொல்லி, எல்லாருக்கும் மீன் பெயர் வைத்துவிட்டான். விலை உச்சத்தில் இருக்கிறவன் வஞ்சிரம். முரட்டுத்தனமாகப் பந்து வீசுகிறவன் சுறா. நடுத்தர விலையில் நம்பகமான ஆள் சங்கரா. அடிமட்ட விலையில் கிடந்த ஒரு ஆளுக்குக் காரப்பொடி என்று பெயர். காரப்பொடி எங்கள் பக்கத்தில் கூறு கட்டி விற்கும் பொடி மீன். விருந்துக்கு யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் குழம்புக்கு அதற்கு ஈடு கிடையாது. அந்த ஆளுக்கு அடிக்கத் தெரியாது. ஆனால் அவன் நிற்கும் இடத்தைத் தாண்டிப் பந்து போகாது.

மற்ற பதினொரு பேரும் வஞ்சிரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். நாங்கள் பந்தை நன்றாகத் தடுக்கிறவர்களாகப் பொறுக்கினோம். அது டில்லியின் யோசனை. அடிக்கிறவனுக்கு மட்டும் விலை வைத்திருக்கிறார்கள், பிடிக்கிறவனுக்கு வைக்கவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவது வருடம் எங்கள் அணி லீக்கை ஜெயித்தது.

ஜெயித்ததுதான் வினை. ஒவ்வொரு மார்ச்சிலும் அந்தத் தளம் எல்லார் விலையையும் மாற்றும். போன வருடங்களில் அதிகம் பேர் வாங்கியவனுக்கு விலை ஏறும், கேட்பாரில்லாதவனுக்கு இறங்கும். எங்களைப் பார்த்து எல்லாரும் தடுப்பாளர்களை வாங்க, நாங்கள் பொறுக்கிய ஆட்களெல்லாம் எட்டாத விலைக்குப் போய்விட்டார்கள். பழைய அணியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிய விலையில் கூட்டினால் எட்டுக் கோடியைத் தாண்டும். ஒவ்வொரு மார்ச்சும் பாதி அணியைக் கலைத்துவிட்டு, அந்த வருடம் யார் மலிந்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். ஒரு வருடம் அது அடிக்காமல் பொறுமையாக நின்றே இலவசமாக முதல் பேஸுக்கு நடந்துபோகும் கிழவர்களாக இருந்தது. இன்னொரு வருடம், இரண்டே ஓவர் மாதிரி கொஞ்ச நேரம் மட்டும் வீசும் பந்துவீச்சாளர்கள்.

நான் கணினியில் பெரிய அட்டவணை போட்டு வைத்திருப்பேன். டில்லியோ மற்ற அணிக்காரர்கள் தளத்தின் செய்திப் பலகையில் எழுதும் வம்புகளை மட்டும் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்பான்.

"ஏலத்துல எங்க வூட்டு பொம்பளைங்க மீன பாக்க மாட்டாங்க மாமு. எதிர்ல வாங்க வந்துகினு கீறவங்க மூஞ்சதான் பாப்பாங்க. போட்டோல கீற அந்தத் தாடிக்காரன் பயந்துகினு கீறான். அவன் சங்கராவ விடுவான் பாரு."

விடுவான். பெரும்பாலும் சரியாகவே சொல்வான்.

காரப்பொடியை மட்டும் ஒவ்வொரு வருடமும் வைத்துக்கொண்டோம். விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும் அவனுக்காக வேறு எங்காவது பிடித்தம் செய்தோம். அதில் எங்களுக்குள் பேச்சே இருந்ததில்லை.

5

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சியில் மெரினாவைக் காட்டினார்கள், நாகப்பட்டினத்தைக் காட்டினார்கள். திருவொற்றியூரைக் காட்டவில்லை. எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி. டில்லி வீட்டு வாசலில் நின்றால் அலை தெரியும். மூன்று நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. கிடைத்த என் தம்பிக்கும் தகவல் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் நான் வேலைக்குப் போனேன். எப்படியிருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் நன்றாக இருக்கிறேன் என்றேன்.

நான்காம் நாள் காலை, வழக்கம் தப்பாமல் ஸ்கோர் பார்க்க அணியின் பக்கத்தைத் திறந்தேன். பலகையில் ஒரு வரி இருந்தது.

"கீறோம் எல்லாரும். நைனாவோட போட்டு போச்சி. அந்த சுறாவ மாத்து, அவனுக்குக் கை வீங்கிகினு கீது."

மேசையில் தலையை வைத்து அழுதேன். பிறகு சுறாவை மாற்றினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை வெறும் ஆட்டமாக நான் நினைத்ததில்லை.

6

2007 ஆகஸ்டில் காரப்பொடிக்குத் தோள்பட்டையில் அடிபட்டது. கணினி கொடுத்த அடி. அந்த வருடம் முழுக்க இல்லை, அடுத்த வருடமும் பாதிவரை இல்லை என்று சிவப்பு எழுத்தில் போட்டார்கள்.

2008 மார்ச்சில் புதிய விலைப்பட்டியல் வந்தது. விலையை முந்தைய இரண்டு வருடத் தேவையை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். காரப்பொடியின் அருமை அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்ததால் அவன் விலை ஐந்து மடங்கு. ஆடவும் முடியாதவனுக்கு வஞ்சிரத்தின் விலை. அவனை வைத்துக்கொண்டால் வாசலில் நிற்கும் ஒரு நல்ல அடிக்கிற ஆளை விட வேண்டும். என் அட்டவணையில் அது இரண்டும் இரண்டும் நாலு போலத் தெளிவாக இருந்தது. சனிக்கிழமை டில்லியிடம் சொன்னேன்.

"காரப்பொடிய தொடாத."

"ஆறு மாசம் ஆட மாட்டான்டா. சும்மா உக்காந்திருப்பான்."

"உக்காரட்டும். அவன் அடிபட்டது நம்ம டீமுக்கு ஆடசொல்லதான?"

"அது கம்ப்யூட்டர் கணக்கு டில்லி. அவன் செத்தே நாப்பது வருசம் ஆச்சு."

பிறகு நீளமாக அடித்தான்.

"நைனா போட்டுல அஞ்சு பேரு. ஒருத்தனுக்கு ஒடம்பு முடியாம கரைல கெடந்தான்னா நாலு பேருதான் போவாங்க. ஆனா மீன் வித்த பாடு அஞ்சா பிரிப்பாங்க. அவன் வூட்டுக்கு அவன் பங்கு போவும். எத்தினி நாள் ஆனாலும் போவும். எடத்துக்கு வேற ஆள் ஏத்த மாட்டாங்க. ஏத்தினா அவன் எழுந்து வர்றப்ப எங்க குந்துவான்? நீ உன் கணக்கு சீட்ட பாத்துகினு இரு, காரப்பொடிய மட்டும் தொடாத."

சரி என்று எழுதினேனா இல்லையா என்று நினைவில்லை. எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அணியைப் பதிவு செய்யக் கடைசி நாள் அடுத்த வெள்ளி மாலை ஐந்து மணி. டில்லி சனிக்கிழமைதான் வருவான். வெள்ளி நாலரை மணிக்கு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து, காரப்பொடியின் பெயருக்கு நேராக இருந்த பொத்தானை அமுக்கினேன். நிச்சயமா என்று தளம் கேட்டது. நிச்சயம் என்றேன். அந்த இடத்தில் நல்ல அடிக்கிற ஆளைப் போட்டேன். நேரமில்லை, கேட்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் தினேஷிடம் சொன்னேன். பதினைந்து வயது. தட்டில் ஒரு கண், கைபேசியில் ஒரு கண்.

"இன்னும் அதை ஆடுகிறீர்களா?" என்றான் ஆங்கிலத்தில்.

விஷயத்தை விளக்கினேன். விலை, தோள்பட்டை, புதிய ஆள். அவன் நிமிர்ந்து பார்த்து, "நல்ல முடிவு அப்பா. அதுதான் சரி" என்றான்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மகன் வாயிலிருந்து வந்த பாராட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் டில்லி வந்தான். பட்டியலைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

"ஆள ஏத்திட்டியா?"

"கடைசி நாள் தாண்டிடும்னு..."

"சரி மாமு. எஞ்சின் வேலை நெறய கீது. வரேன்."

அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

7

அந்த வருடம் எங்கள் அணி நன்றாக ஆடியது. "எங்கள்" என்று பழக்கத்தில் எழுதுகிறேன். சனிக்கிழமை எட்டரைக்குக் காபியோடு உட்காருவேன். பலகையில் டில்லி எழுதியது ஒன்றும் இருக்காது. தாடிக்காரன் எழுதிய வம்பை யாருக்காகவோ மனதுக்குள் தமிழில் மொழிபெயர்த்துக்கொள்வேன். மெயில் நான்கு போட்டேன். முதலில் விளக்கம், அப்புறம் நலம் விசாரிப்பு, அப்புறம் கோபம், கடைசியில் தீபாவளி வாழ்த்து. ஒன்றுக்கும் பதிலில்லை. தொலைபேசியில் அவன் மனைவி எடுத்து, "இப்பதான் கெளம்புச்சி அண்ணே" என்பாள். எப்போது கூப்பிட்டாலும் இப்போதுதான் கிளம்பியிருப்பான்.

"ஒரு மீன் பொம்மைக்கா சண்டை?" என்று சாந்தி கேட்டாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பரில் லீக்கை ஜெயித்தோம். நான் மார்ச்சில் போட்ட ஆள் கடைசி ஆட்டத்தில் அடித்த அடியில் ஜெயித்தோம். திரையில் ஒரு கோப்பைப் படம் வந்து ஆடியது. வீட்டில் சாந்தி வேலைக்குப் போயிருந்தாள், தினேஷ் நண்பன் வீட்டில் இருந்தான். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பிறகு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன்.

நான் போடும் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்ததும் அப்படித்தான். எது ஏறும், எது இறங்கும் என்று பார்த்து வந்தேன், தப்பாகவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில், பத்து வருடத்தில் நான் சேர்த்த மனிதர்களை எண்ணிப் பார்த்தபோது ஒரு கை விரல்கூட முழுதாக மடங்கவில்லை.

8

ஜனவரி முதல் வாரம் டில்லியிடமிருந்து மெயில் வந்தது. தலைப்பு இல்லை. ஒரு ஸ்கேன் இணைப்பும் நாலு வரியும்.

"பொங்கல் டோர்னமென்டு லிஸ்ட்டு. பதினஞ்சாவது பேரு பாரு. ஒம்போது தபா உன் கையெழுத்த நானே போட்டுட்டேன். இந்த வருசம் கமிட்டில ஆளாளுக்கு போட்டோவும் கையெழுத்தும் கேக்குறாங்க. வெள்ளிக்கெழமக்குள்ள அனுப்பு."

ஸ்கேனைத் திறந்தேன். இரும்பு கேட் லெவன், விம்கோ நகர். கோடு போட்ட தாளில் டில்லியின் கோழிக் கிறுக்கலில் பதினைந்து பெயர்கள். போட்டியின் விதிப்படி ஒரு அணிக்குப் பதினைந்துக்கு மேல் எழுத முடியாது. பாதிப் பெயர்கள் எனக்குத் தெரியாதவை. நான் கிளம்பியபோது பிறக்காதவர்கள் இல்லை என்றாலும் மட்டை பிடிக்காதவர்கள். கடைசியில், பதினைந்தாவது: மு. ஏழுமலை, கீப்பர். அதற்கு நேராகக் குறிப்பு என்ற இடத்தில், "ஊர்ல இல்ல."

நான் 1999-இல் கிளம்பியது பொங்கல் வாரத்து ஞாயிறு. அன்றுதான் இறுதி ஆட்டம். நான் விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு தொலைபேசியில் கேட்டேன். பத்துப் பேரோடு ஆடித் தோற்றதாகச் சொன்னான். ஏன்டா என்றால், ஆள் கிடைக்கவில்லை என்றான். விம்கோ நகரில் ஒரு சைக்கிள் விழுந்தால் இருபது பேர் கூடுவார்கள். அங்கே ஆள் கிடைக்கவில்லையாம். பத்து வருடம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

வெளியே ஆள் இருந்தும் டில்லி யாரையும் என் இடத்தில் ஏற்றவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் யாரோ ஒருவனை "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று நிறுத்திவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறான். நான் காரப்பொடியை விட்ட பிறகும் எழுதியிருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை, பெயரை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கிரீன் கார்டுக்காக ஆறு போட்டோ எடுத்திருந்தோம். தலை எவ்வளவு உயரம், காது தெரிய வேண்டுமா, பின்னால் என்ன நிறம் என்று அரசாங்கம் ஒரு பக்கத்துக்கு விதி வைத்திருக்கிறது. அதில் இரண்டு மீந்திருந்தன. ஒன்றை எடுத்து வைத்தேன். பட்டியலை அச்சடித்து, பதினைந்தாவது பெயருக்கு நேராகப் போட்டோவை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். முனுசாமி என்று இல்லாமல், ஊரில் போடுகிற மாதிரி தமிழில் மு. ஏழுமலை என்று. ஸ்கேன் செய்து அனுப்பும்போது ஒரு வரி சேர்த்தேன்.

"காரப்பொடிய விட்டது தப்புடா."

சனிக்கிழமை பதில் வந்தது.

"தெரியும். போட்டோல ஏன் மாமு மூஞ்ச இப்டி வச்சிகினு கீற, யாருனா அட்ச்சாங்களா?"

அவ்வளவுதான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மார்ச்சில் மறுபடி விலை மாறும். யாரும் வாங்காததால் காரப்பொடி மலிந்திருப்பான். டில்லி வருவானா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் இல்லை.

புதிய பதிப்புப் படிவத்தை அந்த வாரம்தான் நிரப்பினேன். அனுப்பிய நான்காம் நாள் வக்கீல் அலுவலகப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல பெண், பொறுமைசாலி.

"திரு. முனுசாமி, உறுப்பினர் கேள்விக்குப் போன முறை ‘எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். இப்போது ஏதோ ஒரு பெயர் இருக்கிறது."

"ஆமாம். அது ஒரு கிரிக்கெட் அணி."

"அதை எழுதத்தான் வேண்டுமா? ‘எதுவுமில்லை’ என்றால் வேலை சுலபமாக முடியும்."

"எழுத வேண்டும். போன முறை எழுதியதுதான் தப்பு."

தட்டச்சு ஓசை கேட்டது.

"எப்போதிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது விலகினீர்கள் என்று எழுதவில்லையே?"

"விலகவில்லை."

"நீங்கள் பத்து வருடமாக ஓஹையோவில் இருக்கிறீர்கள்."

"இருக்கிறேன்."

"அப்படியென்றால் அந்த அணியில் நீங்கள் செய்வது என்ன?"

"ஒன்றும் செய்வதில்லை. என் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்."

இதற்கு எந்தக் கட்டம் என்று தேடியிருப்பாள்.

"சரி, ‘இன்றுவரை’ என்று போடட்டுமா?"

"போடுங்கள்" என்றேன்.